வாசலுக்கு வண்டி வந்த பிறகு தெருமுனைத் தொட்டி எதற்கு?

போன வருடம் எங்கள் குடியிருப்புச் சங்கத்திடம் ஒரு கேள்வி வந்தது. மறுசுழற்சிக்கான பொருட்களை வீடு வீடாக வந்து எடுக்க வண்டி ஏற்பாடாகிவிட்டது. இனி பொது இடங்களில் நிற்கும் சேகரிப்புத் தொட்டிகளை மொத்தமாக எடுத்துவிடலாமா, இல்லை குறைத்து வைத்துக்கொள்ளலாமா? முதல் கூட்டத்தில் ‘எடுத்துவிடலாம்’ என்று கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். மூன்று மாதம் கழித்து நடந்த அடுத்த கூட்டத்தில் மறுபக்கம் போய்விட்டேன். காரணம் கண்ணாடி.

வீட்டுச் சேகரிப்பின் வசதியைப் பற்றி விளக்க ஒன்றும் இல்லை. வயதானவர்களும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களும் வண்டி வாகனம் இல்லாதவர்களும் வாசலில் வைத்தால் போதும். தெருமுனை வரை நடக்கச் சோம்பல்படுகிறவர்களும் (நானும் சேர்த்துத்தான்) பிரித்துக் கொடுக்க ஆரம்பிக்கிறோம். இதில் சண்டை இல்லை.

எல்லாத் தொட்டிகளையும் எடுக்கச் சொன்னவர்களின் வாதமும் லேசானதல்ல. வீட்டு வண்டி வந்ததும் பொதுத் தொட்டியில் விழும் சுமை குறைகிறது. சுமை குறைந்ததும் காலி செய்ய வரும் நாட்களையும் குறைக்கிறார்கள். லாரி பாதி நிறைந்த தொட்டிக்கு வந்தாலும் முழுத் தொட்டிக்கு வந்தாலும் ஓட்டுநர் சம்பளமும் டீசலும் ஒன்றுதானே. ஆனால் விடுமுறை முடிந்த மறுநாள் அட்டைப்பெட்டிகள் ஒரேயடியாக வந்து குவியும். தொட்டி நிறைந்ததும் யாரோ ஒருவர் பக்கத்தில் ஒரு மூட்டையை வைப்பார். ஒரு மூட்டை இருக்கும் இடத்துக்குப் பத்து மூட்டை வர வெகு நேரம் ஆவதில்லை. எங்கள் தொட்டியடியில் ஒரு நாள் பழைய மெத்தை ஒன்று நீட்டிப் படுத்திருந்தது. அதையும் ‘மறுசுழற்சி’ என்று நினைத்துத்தான் போட்டார்களோ என்னவோ.

எனவே காகிதம், அட்டை, பிளாஸ்டிக், தகர டப்பா ஆகியவற்றுக்கான பொதுத் தொட்டிகளை எடுத்துவிடலாம் என்பதில் எனக்கு இப்போதும் மாற்றுக் கருத்து இல்லை. அவை வண்டியில் போனால் பெரிதாக ஒன்றும் கெடாது. கண்ணாடி அப்படிப் போகாது.

வண்டி காலை ஏழு மணிக்கு முன்பே வந்துவிடும். பின்பக்கத்தில் ஒரு இரும்புத் தகடு இறங்கி, உள்ளே விழுந்ததையெல்லாம் அழுத்தித் தள்ளும். அப்படி அழுத்தாவிட்டால் வண்டி பாதி காற்றைத்தான் சுமந்துகொண்டு போகும். முதல் வாரம் அந்தத் தகடு இறங்கியபோது உள்ளே பாட்டில்கள் நொறுங்கும் சத்தம் என் வாசல் வரை கேட்டது. விளிம்பிலிருந்து ஒரு அட்டை நழுவிக் கீழே விழுந்தது. எடுத்துக் கொடுக்கலாமே என்று மடித்தேன், விரல் நுனியில் சுருக்கென்றது. ஈரமான அந்த அட்டையில் உப்புத்தூள் போலக் கண்ணாடிப் பொடி ஒட்டியிருந்தது. முந்தின நாள் ராத்திரி நான் மடக்கி, நாடா கிழித்து, ஒழுங்காக வைத்த அட்டை அது.

அதன் பிறகுதான் விஷயத்தைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன். எல்லாவற்றையும் ஒன்றாக எடுக்கும் வண்டியில் கண்ணாடி தானும் கெட்டு, கூட இருப்பதையும் கெடுக்கிறது. தரம் பிரிக்கும் மையத்தில் சின்னத் துண்டுகள் சல்லடையில் விழும்போது மூடி, மண், கிழிந்த காகிதத் துணுக்கு எல்லாம் சேர்ந்தே விழுகின்றன. வெள்ளை, பச்சை, பழுப்பு என எல்லா நிறமும் கலந்துவிடுகிறது. கலந்த துண்டுகளை உருக்கினால் நிறமில்லாத பாட்டில் வராது. கடைசியில் அவை சாலைக்கு அடியில் போடும் கல்லுக்குப் பதிலாகவோ குப்பைமேட்டுக்கோ போகின்றன. காகிதத்தில் குத்திக்கொண்ட துண்டுகளோ காகித ஆலை இயந்திரங்களைத் தேய்க்கின்றன. 2018-இல் சீனா வெளிநாட்டுக் கழிவுகளுக்குக் கதவைச் சாத்தியபோது, பழைய காகிதத்தில் அனுமதித்த வேற்றுப்பொருளின் அளவு 0.5 சதவீதம். நூறு கிலோ காகிதத்தில் அரைக் கிலோ! நான் மடித்த அட்டை அந்தக் கணக்கில் தேறியிருக்குமா என்று யோசித்துப் பார்த்தேன்.

அதே கண்ணாடி நிறம் பிரிந்து, சுத்தமாகப் போனால் கதையே வேறு. தரம் குறையாமல் திரும்பத் திரும்ப உருக்கலாம். உலையில் போடும் கலவையில் 10 சதவீதம் பழைய கண்ணாடி சேர்த்தால் எரிசக்தி சுமார் 2.5 முதல் 3 சதவீதம் மிச்சமாகும். ஒரே நிபந்தனை, பீங்கான் கோப்பையும் சூடு தாங்கும் கண்ணாடிப் பாத்திரமும் உள்ளே வரக்கூடாது. பாட்டில் உருகும் சூட்டில் அவை உருகாமல் கல்லாக நின்று, புதுப் பாட்டிலைப் பலவீனமாக்கும்.

இந்தச் சுத்தம் தெருமுனைத் தொட்டியில் எப்படிக் கிடைக்கிறது? தொட்டியின் வாயைப் பார்த்தாலே தெரியும். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்ட ஓட்டை, அதில் ரப்பர் மடிப்பு. பாட்டிலை ஒவ்வொன்றாகத்தான் போட முடியும், குப்பை மூட்டை நுழையாது. அழுத்தும் தகடும் கிடையாது. அதோடு, பாட்டிலைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் நடந்து வந்த ஆளுக்கு அதில் வேறு எதையாவது கலக்க மனசு வருமா? எனக்கு வரவில்லை.

இந்த முடிவுக்கு வந்த முதல் ஆள் நான் இல்லை. பிரிட்டனில் முதல் பாட்டில் தொட்டி 1977-இல் பார்ன்ஸ்லி ஊரில் வந்தது, இதெல்லாம் பழைய ஏற்பாடுதான். ஜெர்மனியில் பிளாஸ்டிக் உறைகளுக்கும் உலோக டப்பாக்களுக்கும் வீட்டிலேயே மஞ்சள் பை அல்லது மஞ்சள் தொட்டி உண்டு. ஆனாலும் கண்ணாடிக்குப் பெரும்பாலும் இன்றும் தெருவோரத் தொட்டிதான், நிறத்துக்கு ஒன்று. நீல பாட்டில் எங்கே போகும் என்றால், பச்சைத் தொட்டிக்கு. வேற்று நிறத்தைப் பச்சைதான் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். ‘பிரித்துப் போட்டாலும் லாரியில் ஒன்றாகத்தானே கொட்டுகிறார்கள்’ என்ற சந்தேகம் அங்கேயும் உண்டாம். லாரிக்குள்ளே தடுப்புகள் இருக்கின்றன.

என்னை மாற்றியது வர்ஜீனியா. அமெரிக்காவின் அந்த மாநிலத்தில் ஆர்லிங்டன், ஃபேர்ஃபாக்ஸ் பகுதிகள் கண்ணாடியையும் வீட்டுச் சேகரிப்பில் மற்றவற்றோடு கலந்தே வாங்கிக்கொண்டிருந்தன. 2019-இல் அதை நிறுத்திவிட்டு, பொது இடங்களில் கண்ணாடிக்கு மட்டும் ஊதா நிறப் பெட்டிகளை வைத்தார்கள். அதாவது எங்கள் சங்கம் போகப் பார்த்த பாதையில் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர்கள். எடுத்த தொட்டியைத் திரும்ப வைப்பதைவிட எடுக்காமல் இருப்பது சுலபம் என்று கூட்டத்தில் சொன்னேன். அந்த ஒரு வாதம்தான் எடுபட்டது.

இன்னொரு வழியும் இருக்கிறது, வீட்டுக்கு வீடு கண்ணாடிக்கென்று தனித் தொட்டி. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பல ஊர்கள் ஊதா மூடி போட்ட தொட்டியோடு அந்த வழியில்தான் போகின்றன. பணமும் இடமும் இருந்தால் அதுதான் சிறந்தது என்று தோன்றுகிறது, ஆனால் நாங்கள் முயன்று பார்த்ததில்லை. நேரெதிர்க் கோடியில் ஜப்பானின் காமிகட்சு. அங்கே குப்பை வண்டியே வருவதில்லை. மக்களே மையத்துக்குக் கொண்டுபோய் நாற்பதுக்கும் மேற்பட்ட வகைகளாகப் பிரிக்கிறார்கள். கேட்கவே மலைப்பாக இருந்தாலும், அது ஆயிரத்தைந்நூறு பேர்கூட இல்லாத ஊர் என்பதை மறந்துவிடக்கூடாது.

நான் சொல்வதெல்லாம் வீடுகள் நெருக்கமாக இருக்கும் இடத்துக்குத்தான் பொருந்தும். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் ஒரு மைல் தூரம் என்றால் வண்டியை வீடு வீடாக ஓட்டுவதில் அர்த்தம் இருக்கிறதா என்பதே வேறு கணக்கு. அங்கே நான் வாழ்ந்ததில்லை, பேசினால் கேள்வி ஞானம்தான். நெருக்கமான இடத்திலும் நாலு பாட்டிலுக்காகத் தனியாகக் கார் எடுத்துப் போனால் மிச்சம் பிடித்த எரிசக்தி பெட்ரோலில் போய்விடும். ஆகவே எந்தக் கண்ணாடித் தொட்டியை வைத்துக்கொள்வது என்பதைச் சுமையை மட்டும் பார்த்து முடிவு செய்யவில்லை, எப்படியும் நாங்கள் நடந்து போகும் வழியில் இருப்பவற்றை வைத்துக்கொண்டோம். ஒன்பது இடத்தில் இருந்தவை இப்போது மூன்று இடத்தில். அதில் ஒன்றில் பேட்டரிக்கும் குழல் விளக்குக்கும் தனிப் பெட்டி இருக்கிறது. லித்தியம் பேட்டரி அந்த அழுத்தும் தகட்டில் சிக்கினால் வண்டியே பற்றிக்கொள்ளும், குழல் விளக்கு உடைந்தால் உள்ளே பாதரசம்.

எடுத்த விதத்தில் ஒரு தப்பு நடந்தது. ஆறு இடத்துத் தொட்டிகளையும் முன்னறிவிப்பு இல்லாமல் ஒரே வாரத்தில் தூக்கிவிட்டார்கள். தொட்டி போனது தெரியாமலோ, தெரிந்தேதானோ, வெறும் சிமெண்ட் மேடையில் ஒன்றரை மாதம் மூட்டைகள் வந்துகொண்டே இருந்தன. முதலில் அறிவிப்புப் பலகை, அப்புறம் காகிதத் தொட்டி, கடைசியாகத்தான் மற்றவை என்று படிப்படியாக எடுத்திருக்கலாம்.

இப்போது பாக்கியிருப்பது சத்தம். ஒரு தொட்டி ஒருவர் வீட்டு ஜன்னலுக்கு நேர்கீழே இருக்கிறது. ராத்திரி பத்தரைக்கு யாராவது ஒரு பையளவு பாட்டிலை ஒவ்வொன்றாகப் போட்டால் அவர் எப்படித் தூங்குவார்? இரவில் போடக்கூடாது என்று பலகை மாட்டியாயிற்று, பலன் அரைகுறைதான். தொட்டியை இருபது அடி தள்ளி வைக்கக் கேட்டிருக்கிறோம்.