ஜனாதிபதி வாக்களிப்புச் சேவை: பலர் பயன்படுத்தாத வசதி

இலங்கையின் ஜனாதிபதி வாக்களிப்பை ஒரு சேவையாக எடைபோட்டால், ஏற்பாட்டுக்கு நல்ல மதிப்பெண், விளக்கத்துக்குக் குறைந்த மதிப்பெண். வாக்காளர் அட்டை வரவில்லை என்று வீட்டில் இருந்துவிட வேண்டாம். வாக்காளர் இடாப்பில் பெயரும் கையில் தேசிய அடையாள அட்டையும் இருந்தால் போதும். செல்லுபடியான கடவுச்சீட்டும் சாரதி அனுமதிப்பத்திரமும் ஏற்கப்படும். எதுவுமே இல்லாதவர் தற்காலிக அடையாள அட்டைக்குக் கிராம உத்தியோகத்தரிடம் முன்கூட்டியே போகவேண்டும். வாக்களிப்பு நாளன்று காலையில் ஓடிப் பயனில்லை.

பலர் தவறவிடுவது விருப்பு வாக்கு. பிடித்த வேட்பாளருக்கு 1, அடுத்த தெரிவுகளுக்கு 2, 3 என்று இலக்கமிடலாம். வெறும் புள்ளடி ஒருவருக்கு மட்டுமே போகும். 1 இல்லாமல் 2 மட்டும் போட்டாலோ, இருவருக்கு 1 போட்டாலோ சீட்டு நிராகரிக்கப்படும். 2024 செப்டெம்பர் 21 தேர்தலில் அப்படியும் வேறு காரணங்களாலும் சுமார் 3 இலட்சம் சீட்டுகள் வீணாகின. யாருக்கும் பாதிக்கு மேல் வாக்குக் கிடைக்காததால், முதல் தடவையாக விருப்பு வாக்குகளை எண்ணும் இரண்டாம் எண்ணிக்கையும் நடந்தது. முதலிருவர் தவிர்ந்த, வெளியேறிய வேட்பாளர்களின் 33 இலட்சம் வாக்குகளில் விருப்பு வாக்காக முதலிருவருக்கும் சேர்ந்து வந்தது 2.73 இலட்சம் மட்டுமே!

வாக்களிக்கப் போகாமல் இருந்ததன் கனம் 2005 ஜனாதிபதித் தேர்தலில் தெரிந்தது. வடக்கில் பெரும்பாலானோர் வாக்களிக்கவே இல்லை. முடிவு சுமார் 1.8 இலட்சம் வாக்கு வித்தியாசத்தில் தீர்ந்தது. அந்த வருத்தம் இன்னும் பேசப்படுகிறது.

பெரிய குறை: வெளிநாட்டில் இருப்பவருக்கு அங்கிருந்தே வாக்களிக்க வழியில்லை.