பச்சை லேசர் வாங்கப் போறீங்களா, கொஞ்சம் நில்லுங்க

4,850 ரூபாய். காசு போனதை விட, இந்த லேசரை விற்ற பொடியன் போனில் "சேர், சேர்" என்று சொல்லியே என்னைக் கவிழ்த்ததுதான் ஆத்திரமாக இருக்கிறது. வாங்க முன் கவனிக்க ஐந்து விஷயம் சொல்கிறேன், முதலில் நடந்ததைக் கேளுங்க.

களுவாஞ்சிகுடியில் உயர்தர வகுப்பு எடுக்கிறேன். ஸ்கிரீனில் காட்ட ஒரு பொயின்டர் தேவைப்பட்டது. முகநூலில் சாமான் விற்கிற ஒரு பக்கத்தில் இதைப் பார்த்துவிட்டு, பிள்ளைகள் இருக்கிற இடம், கண்ணுக்குப் பிரச்சினை வராதா என்று நானே கேட்டேன். "லேபிளைப் பாருங்க சேர், 5 மில்லிவாட்டுக்குக் கீழ, என்ட மகளே வச்சு விளையாடுறா" என்றான். மகளைச் சொன்னானே, அந்த இடத்தில் விழுந்தேன்.

போன ஞாயிறு அக்காவின் மகன், பத்து வயது, அதை எடுத்து அலுமாரிக் கண்ணாடியில் அடித்திருக்கிறான். பட்டுத் திரும்பிய கதிர் நேரே வலது கண்ணில். அழவில்லை, நோகவுமில்லை; விழித்திரைக்கு நோவு தெரியாதாம். அடுத்த நாள்தான் "மாமா, எழுத்துக்கு நடுவில ஊத்தை மாதிரி இருக்கு" என்றான். நடுப்பார்வை இடத்தில் சுட்ட தழும்பு என்றார் கண் டொக்டர். முழுதாகத் திரும்புமா என்று இப்போது சொல்ல ஏலாதாம்.

வந்தாறுமூலைக் கம்பஸில் பௌதிகவியல் படிக்கிற என் பழைய மாணவன் அதன் ஒளியின் வலுவை அளந்து பார்த்தான். 60 மில்லிவாட்டுக்கு மேல்! 1 மில்லிவாட் என்றால் கண் சிமிட்டுகிற கால் செக்கனுக்குள் தப்பிவிடலாம், இதற்கு அது காணாது, கண்வில்லையே கதிரை ஊசிமுனையிலும் சின்னப் புள்ளியாகக் குவித்துச் சுட வைத்துவிடும். அதோடு இந்த வகைப் பச்சை லேசருக்குள் முதலில் உண்டாவது கண்ணுக்குத் தெரியாத செந்நிறக்கீழ்க் கதிர். அதைத் தடுக்கிற வடிகட்டியை மலிவுச் சாமானில் வைக்காமல் விட்டால் அதுவும் சேர்ந்து வரும், தெரியாத வெளிச்சத்துக்குக் கண் சிமிட்டாது.

போன் எடுத்தேன். "லைட்தானே சேர், கண்ணுக்குள்ள பிடிச்சது உங்கட பிழை." அடுத்த நாள் "கொம்பனிக்குச் சொல்லியிருக்கு." பிறகு, திருப்பி அனுப்ப கூரியர் காசும் நான்தான் கட்டவேணுமாம். நேற்றிலிருந்து புளொக். 4,850 ரூபாய் கொடுத்து மருமகனின் கண்ணைக் கெடுத்திருக்கிறேன், அக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சரி, லேபிளை நம்பாதீங்க. பிள்ளைகள் கையில் கொடுக்காதீங்க. கண்ணாடி, ஜன்னல் பக்கம் அடிக்கவே கூடாது. கண்ணில் பட்டால் நோகவில்லை என்று இருக்காமல் உடனே காட்டுங்க. மிச்சத்தைப் பிறகு எழுதுகிறேன், விடியவே கிளினிக்கில் நம்பர் எடுக்கப் போகவேண்டும்.