லாரி டிஸ்க்கா, நின்றெரியும் கட்டையா?

ஒடுகத்தூர் பக்கம் மைத்துனருக்கு ஒரு மாந்தோப்பு. ஜவ்வாது மலை அடிவாரம் என்பதால், வேலூர் டவுனில் தெரியாத மார்கழிக் குளிர் அங்கே நன்றாகவே தெரியும். அரையாண்டு விடுமுறைக்குக் குடும்பம் கூடினால் ராத்திரி வெளியில் தீ மூட்டி உட்காருவது வழக்கம். மூன்று வருடம் முன்பு அதற்கென்று ஏதாவது உருப்படியாகச் செய்வோம் என்று பேச்சு வந்தது. அவர் ஒரு பழைய லாரி வீல் டிஸ்க்கை வாங்கி, வெல்டிங் பட்டறையில் மூன்று கால் வைத்துக்கொண்டு வந்தார். நான் கட்டைக்குப் போனேன். இரண்டையும் பக்கம் பக்கமாக எரித்துப் பார்த்தாகிவிட்டது. என் ஓட்டு கட்டைக்குத்தான், அதை மறைக்கப் போவதில்லை.

கட்டை என்றதும் அந்தப் பக்கத்தில் சந்தனக்கட்டையா என்று கேட்பவர்கள் உண்டு. இது தோப்பிலேயே பட்டுப்போன மாமரம். ஒன்றரை அடி உயரம், பத்து அங்குலக் குறுக்களவுள்ள துண்டை நிற்க வைத்து, மேலிருந்து பவர் சாவால் கூட்டல் குறி மாதிரி இரண்டு வெட்டு. வெட்டு அடிவரை போகக்கூடாது. கீழே ஐந்து அங்குலமாவது முழுசாக நிற்க வேண்டும். நடுவில் தீ வைத்தால் பிளவுகள் வழியே காற்று உள்ளே போய், மேலிருந்து கீழாக எரிந்துகொண்டே இறங்கும். ஜெர்மன்காரர்கள் இதைச் சுவீடன் தீ என்கிறார்கள். முப்பதாண்டுப் போரில் (1618–1648) சுவீடன் சிப்பாய்கள் இப்படித்தான் குளிர் காய்ந்தார்கள் என்று ஒரு கதை. பின்லாந்தில் இதற்கு மரவெட்டியின் மெழுகுவர்த்தி என்று பெயர். கார்த்திகைக்குக் கோயில் வாசலில் சொக்கப்பனை பார்த்து வளர்ந்த நமக்கு நின்றெரியும் மரம் புதுசா என்ன?

டிஸ்க்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கனமான இரும்பு, எளிதில் கெடாது. மழைத்தண்ணீர் நடு ஓட்டை வழியே இறங்கிவிடும். வேண்டாமென்றால் எடைக்குப் போடலாம். முதல் தடவை மட்டும் பெயிண்ட் எரிகிற நாற்றத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை யாராவது எழுந்து விறகு போட வேண்டும். பேச்சு சூடுபிடிக்கும்போது எழுந்துபோகிறவர் எப்போதும் ஒரே ஆள்தான். எங்கள் வீட்டில் அது நான். கட்டையை ஒருமுறை பற்றவைத்தால் இரண்டரை மணி நேரம் யாரும் தொட வேண்டாம். மேலே மூன்று ஓட்டுச்சில்லு வைத்து, காற்றுக்கு இடைவெளி விட்டுப் பாத்திரத்தை ஏற்றினால் பன்னிரண்டு பேருக்குச் சுக்குக் காப்பி தயார்.

சரி, அப்படியென்றால் எல்லோரும் கட்டைக்கே போகலாமே? போக முடியாது. காரணம் ஒன்றே ஒன்று: காய வைப்பது.

முதல் வருடம் ஐப்பசியில் அறுத்த துண்டை மார்கழியில் பற்றவைத்தேன். ஒரு மணி நேரம் புகைதான். எல்லோர் கண்ணிலும் தண்ணீர். "என்ன மாமா, இந்த வருஷம் போகி முன்னாடியே வந்துடுச்சா?" என்றார் மைத்துனர். ஈரக்கட்டையில் தீயின் சூடெல்லாம் தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும். சரியாக எரியாதது புகையாக வெளியே வரும். டிஸ்க்கில் ஈர விறகு வந்தால் எடுத்துப் போட்டுவிட்டு வேறொன்றை வைக்கலாம். இங்கே விறகும் அடுப்பும் ஒன்றே, மாற்ற வழியில்லை. ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால்தான் ஒழுங்காக எரியும்.

அடுத்த வருடம் தை முடியும்போதே அறுத்தேன். பட்டையை உரித்தேன், வெட்டுகளையும் அப்போதே போட்டுவிட்டேன். மரத்தின் ஈரம் பெரும்பாலும் வெட்டுவாய் வழியாகத்தான் வெளியேறும்; பட்டை அதை அடைத்து வைப்பதோடு பூச்சிக்கும் இடம் கொடுக்கும். பிறகு பழைய பேப்பர் கடைக்காரர் வைத்திருப்பது போன்ற தொங்கு தராசில் மாதம் ஒருமுறை எடை. தை மாதம் 22 கிலோ இருந்தது, கத்திரி முடிந்தபோது 16. அப்புறம் பதினைந்தரையில் நின்றுவிட்டது. எடை இறங்குவது நின்றால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். வேலூர் வெயிலைத் திட்டாமல் நான் கழித்த ஒரே கோடை அதுதான்.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. ஆடி, ஆவணியிலேயே இங்கே மழை வந்துவிடும், ஐப்பசி கார்த்திகையில் கேட்கவே வேண்டாம். தார்ப்பாயால் முழுக்க மூடினால் உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். மேலே மட்டும் சிமெண்ட் ஷீட், பக்கங்கள் திறந்தபடி. கீழே செங்கல், இல்லையென்றால் கரையான். இவ்வளவு செய்தும் மாங்கட்டையை ஒரு வருடத்துக்கு மேல் வைக்க முடியவில்லை; வண்டு துளைத்து மாவாகக் கொட்டுகிறது. அந்தந்த வருடத்துக்கு வேண்டியதை மட்டும் அறுப்பதுதான் சரி.

மற்ற மரங்களில் என் அனுபவம் குறைவு. வேம்பு இரண்டு எரித்தேன், நன்றாகவே எரிந்தது. சீமைக் கருவேலம் ஒன்றுதான். பற்றுவதற்குள் ஒரு பாக்கெட் கற்பூரம் தீர்ந்தது, பிடித்த பிறகு மாங்கட்டையைவிட நெடுநேரம் நின்றது. ஒரு கட்டையை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். அரளியை மட்டும் தொடாதீர்கள், புகையே விஷம். பற்றவைக்கக் கற்பூரமும் தேங்காய் நாரும் போதும். பெட்ரோல் பக்கம் போகவே வேண்டாம்.

ஒரு விஷயத்தில் டிஸ்க் ஜெயிக்கிறது. விறகு போடுவதை நிறுத்தினால் தீ தானே அடங்கும். கட்டையைப் பாதியில் நிறுத்த முடியாது. கடைசியில் நான்கு துண்டும் விரிந்து விழவும் செய்யும். அடிப்பக்கம் கட்டுக்கம்பியால் இரண்டு சுற்று சுற்றிவிடுகிறேன். சுற்றிலும் பத்தடிக்கு மாஞ்சருகைக் கூட்டித் தள்ளிவிட்டு, வெறும் மண்ணில்தான் நிறுத்துவேன். படுக்கப் போகும்முன் ஒரு குடம் தண்ணீர் ஊற்றியும், ஒருமுறை காலையில் கிளறியபோது உள்ளே கங்கு இருந்தது. சின்னக் குழந்தைகள் ஓடும் வாசலாக இருந்தால், மொட்டை மாடியாக இருந்தால், டிஸ்க்கே வாங்குங்கள்.

இந்த வருடத்துக்கு மூன்று கட்டை அறுத்து, சாக்பீஸால் எடை எழுதி ஷெட்டில் அடுக்கினேன். போன வாரம் போனபோது நான்கு இருந்தன. நாலாவதில் 24 கிலோ என்று மைத்துனர் கையெழுத்து.