பொக்லைன் சென்சார் கோளாறு: மாற்றும் முன் மீட்டர் வைத்துப் பாருங்கள்

காமன் ரெயில் இன்ஜின் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயிலிருந்து அதிக அழுத்தத்தில் டீசல் போகும் வகை) உள்ள 20 டன் பொக்லைனைப் பல வருடமாகக் கல் குவாரியிலும் ஏரி வேலையிலும் ஓட்டி வருகிறேன். டீசல், பிக்கப், புகை என்று எதில் பார்த்தாலும் பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டியைவிட நன்றாகவே இருக்கிறது. வண்டி வேலைக்குப் போகாமல் நின்ற நாட்களை யோசித்தால், இன்ஜினோ ஹைட்ராலிக் பம்போ காரணமாக இருந்தது குறைவு. பெரும்பாலும் வயர், கப்ளர் (வயர்களை இணைக்கும் பிளக்), எர்த். சென்சாரே செத்துப்போனது அபூர்வம். ஆனாலும் மானிட்டரில் சென்சார் பெயர் வந்த உடனே ஆயிரக்கணக்கில் கொடுத்துப் புதுசு வாங்கி மாட்டும் பழக்கம் நம் தொழிலில் இன்னும் போகவில்லை. வாடகைக்கு ஓட்டுகிறவர்களுக்கு இது பெரிய நஷ்டம்.

மானிட்டரில் வரும் எரர் நம்பரில் இரண்டு பகுதி உண்டு. ஜே1939 என்ற, கனரக வண்டிகளுக்கான பொதுவான முறையில் எஸ்பிஎன் என்ற நம்பர் எந்த இடம் என்று காட்டும்: 100 என்றால் இன்ஜின் ஆயில் பிரஷர், 110 கூலண்ட் சூடு, 157 ரெயில் பிரஷர், அதாவது அந்த டீசல் குழாயின் அழுத்தம். அங்கே என்ன மாதிரிக் கோளாறு என்று சொல்லும், பக்கத்தில் வரும் எஃப்எம்ஐ நம்பரைத்தான் பலர் கவனிப்பதில்லை. அது 3 என்றால் வோல்டேஜ் அளவுக்கு மேலே, 4 என்றால் அளவுக்குக் கீழே, 5 என்றால் கரண்ட் குறைவு, வயர் அறுந்திருக்கலாம். இந்த மூன்றும் எலக்ட்ரிக்கல் சங்கதி. அதே 157-க்குப் பக்கத்தில் 18 வந்தால் கதையே வேறு. சென்சார் சரியாகத்தான் சொல்கிறது, ரெயிலில் நிஜமாகவே பிரஷர் குறைவு. அப்போது பார்க்க வேண்டியது டீசல் பில்டர், வாட்டர் செபரேட்டர், காற்று இழுக்கிற ஹோஸ். 100-க்குப் பக்கத்தில் 1 வந்தால் ஆயில் பிரஷர் ஆபத்தான அளவுக்குக் குறைவு, அந்த நிமிடமே இன்ஜினை நிறுத்த வேண்டும். ஆயில் அளவு பார்த்து, மெக்கானிக்கல் கேஜ் மாட்டிய பிறகுதான் திரும்ப ஸ்டார்ட் செய்ய வேண்டும். சில கம்பெனிகள் தங்களுக்கென்று வேறு நம்பர் வைத்திருக்கும். சர்வீஸ் புக்கில் அந்த அட்டவணை இருக்கும், அதை ஒரு பிரதி எடுத்து கேபினிலேயே வைத்துவிடுங்கள்.

எந்த எரர் வந்தாலும் நான் முதலில் போவது பேட்டரிக்குத்தான். 24 வோல்ட் வண்டியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரி தொடராக இருக்கும். இரண்டையும் சேர்த்து அளந்தால் ஒன்று மட்டும் படுத்திருப்பது சரியாகத் தெரியாது, தனித்தனியாக அளக்க வேண்டும். சும்மா இருக்கும்போது ஒவ்வொன்றும் 12.6 வோல்ட் பக்கம் காட்டினால் நல்லது. இன்ஜின் ஓடும்போது மொத்தம் 28 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். அப்புறம் எர்த். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை இன்ஜின் பிளாக்கிலும் வைத்து செல்ப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கேபிளில் துரு, அல்லது போல்ட் லூஸ். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத எரர்கள் கலந்து கலந்து வந்தால் இந்தச் சோதனையைத் தவறவிடக் கூடாது.

இத்தனை வருடத்தில் என்னை ரொம்பப் பாடாய்ப் படுத்தியது ஒரு கோளாறு. காலையில் வண்டி நன்றாக ஓடும். சூடேறி, பாறையில் பக்கெட் முட்ட ஆரம்பித்ததும் ஆர்பிஎம் ஐடிலுக்கு இறங்கிவிடும். “அண்ணே, மறுபடியும் ஏறமாட்டேங்குது” என்று ஆபரேட்டரிடமிருந்து போன் வரும். ரெயில் பிரஷர், பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்), ஆயில் பிரஷர் மூன்றுக்கும் ஒரே நேரத்தில் எஃப்எம்ஐ 4. வந்து பார்த்த மெக்கானிக் மூன்று சென்சாரையும் மாற்றச் சொன்னார். மூன்று சென்சார் ஒரே நொடியில் கெடுமா? இவற்றுக்கு ஈசிஎம்மிலிருந்து (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) வருவது 5 வோல்ட் சப்ளை. எங்கள் வண்டியில் மூன்றுக்கும் அது ஒரே லைன். ஒரு இடத்தில் அது பாடியில் தொட்டால் மூன்றும் சேர்ந்து படுத்துவிடும்.

இந்த மாதிரிக் கோளாறை, அது இருக்கும்போதே பிடிக்க வேண்டும். எரர் வந்த நிலையில் இன்ஜினை நிறுத்தி, சாவியை மட்டும் ஆனில் வைத்து, ரெயில் சென்சார் கப்ளரைக் கழற்றி 5 வோல்ட் பின்னில் மீட்டர் வைத்தோம். ஒரு வோல்ட்கூட இல்லை. மற்ற இரண்டு கப்ளரையும் ஒவ்வொன்றாகக் கழற்றினோம். ஏதாவது ஒரு சென்சார் உள்ளே ஷார்ட் ஆகியிருந்தால், அதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்பியிருக்கும். திரும்பவில்லை. ஆக, சென்சார்கள் மூன்றும் தப்பித்தன, தப்பு வயரில். ஹெல்பர் மீட்டரைப் பிடித்துக்கொள்ள, வயரிங் செட்டைச் சாண் சாணாகப் பிடித்து ஆட்டிக்கொண்டே போனேன். செல்ப் மோட்டாருக்குப் பின்னால் கை வைத்ததும் மீட்டர் 5-க்குத் துள்ளியது. அங்கே கிளிப்பின் ரப்பர் தேய்ந்துபோய், தகட்டு விளிம்பு பிளாஸ்டிக் குழாயை அறுத்து உள்ளே இறங்கியிருந்தது. வயரின் தோல் நகக்கண் அளவுக்கு உரிந்து செம்பு பளபளத்தது. அந்த இடத்தை வெட்டி, கிரிம்ப் செய்து, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு, புது ரப்பர் கிளிப்பில் கட்டினோம். செலவு சில நூறு ரூபாய்கூட ஆகவில்லை. இன்றுவரை அந்த எரர் திரும்பவில்லை.

கூலண்ட் டெம்பரேச்சர் சென்சாருக்கு இன்னும் சுலபமான வழி இருக்கிறது. அது பெரும்பாலும் இரண்டே வயர். 110-க்கு 3 வந்திருந்தால், கப்ளரைக் கழற்றி இரண்டு பின்னையும் சின்ன வயரால் இணையுங்கள். எரர் 4-ஆக மாறினால் வயரும் ஈசிஎம்மும் நன்றாக இருக்கின்றன, சென்சாரை மாற்றலாம். மாறவில்லையா, புதுசு வாங்கிப் பிரயோஜனமில்லை. மூன்று வயர் சென்சாரில் இதைச் செய்யவே கூடாது. மானிட்டர் இன்ஜினோடு பேசவில்லை என்று எரர் வந்தால், பேட்டரி கட்-அவுட்டை ஆஃப் செய்துவிட்டு கேன் லைனின் (மானிட்டரும் ஈசிஎம்மும் பேசிக்கொள்ளும் வயர் ஜோடி) இரண்டு வயருக்கும் நடுவே ஓம் பாருங்கள். 60 வர வேண்டும். 120 வந்தால் ஒரு முனையில் ரெசிஸ்டர் விட்டுப்போயிருக்கிறது, அல்லது நடுவில் வயர் அறுந்திருக்கிறது.

கருவி என்று பார்த்தால் ஒரு நல்ல டிஜிட்டல் மல்டிமீட்டர், ஒரு 24 வோல்ட் ஹெட்லைட் பல்பு, கப்ளரின் பின்பக்கமாக நுழைக்க மெல்லிய பின். இவையே பெரும்பாலான வேலைக்குப் போதும். பல்பு ரொம்ப முக்கியம். பத்து இழையில் ஒன்று மட்டும் மிச்சமுள்ள வயரிலும் மீட்டர் 24 வோல்ட் காட்டிவிடும், பல்பைப் போட்டால்தான் மங்கலாக எரிந்து உண்மை தெரியும். இதை சப்ளை வயரிலும் லைட், ரிலே லைனிலும் மட்டும் செய்யுங்கள். சென்சார் வயரிலோ ஈசிஎம் பின்னிலோ பல்பு வைத்தால் ஈசிஎம்மே போய்விடலாம். வயரின் தோலில் ஊசி குத்திப் பார்ப்பதையும் நிறுத்துங்கள். அந்தத் துளை வழியாக ஈரம் இறங்கி, சில மாதத்தில் உள்ளே செம்பு பச்சை பூத்துவிடும்.

வாட்டர் சர்வீஸ் செய்யும்போது பிரஷர் கன்னை ஈசிஎம் பக்கமும் கப்ளர் பக்கமும் காட்ட விடாதீர்கள். மழைக்காலத்தில் வண்டி நாள் கணக்கில் நின்றிருந்தால், ஸ்டார்ட் செய்யும் முன் எலி கடித்திருக்கிறதா என்று பானெட்டைத் திறந்து பார்த்துவிடுங்கள். பக்கெட்டிலோ பூமிலோ வெல்டிங் என்றால் கட்-அவுட் சுவிட்சை மட்டும் நம்பாமல் பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, ஈசிஎம் கப்ளரையும் எடுத்துவிட்டு, வெல்டிங் எர்த்தை வெல்டிங் நடக்கும் இடத்துக்கு மிக அருகிலேயே பிடிக்கச் சொல்லுங்கள். டிராக்கில் எர்த் மாட்டிவிட்டு பக்கெட்டில் வெல்டிங் வைக்கிறவர் எத்தனை கைதேர்ந்தவராக இருந்தாலும் சம்மதிக்காதீர்கள்.