சேலத்தில் புதிய புவி இயற்பியலாளருக்கு முதல் வேலை: நீரோட்டமா, கனிமமா?

புவி இயற்பியல் படித்துவிட்டுச் சேலம் வட்டாரத்திலேயே வேலை தேடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு வழி: போர்வெல்லுக்குப் பாயின்ட் குறிக்க, மண்ணில் மின்னோட்டம் செலுத்தி அளக்கும் மின்தடை சர்வே, இல்லையென்றால் கனிமத் தேடலில் காந்த சர்வே. முதல் வருடத்துக்கு நீர் வேலைதான் நல்லது என்போம். சம்பளத்துக்காகச் சொல்லவில்லை. மின்தடை அளவுகளை வைத்து நீங்கள் போட்ட வளைகோடு சரியா தப்பா என்று திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒரே வாரத்தில் சொல்லிவிடும். காந்த வரைபடத்துக்கு அந்தப் பதில் வர வருடக்கணக்கில் ஆகலாம். வராமலே போகவும் கூடும்.

இங்கே அடியில் கிடப்பது சார்னோகைட், நைஸ் என்னும் கடினப் பாறைகள். தண்ணீர் மேலேயுள்ள சிதைந்த பாறையிலும் அதற்குக் கீழுள்ள வெடிப்புகளிலும்தான். ஷ்லம்பர்ஜர் முறையில் நான்கு கம்பிகளை ஒரே கோட்டில் அடித்து, வெளியே உள்ள இரண்டில் (ஏ, பி) மின்னோட்டம் செலுத்தி, உள்ளே உள்ள இரண்டுக்கு (எம், என்) இடையே மின்னழுத்தம் அளப்பார்கள். ஏபி தூரத்தில் பாதியான ஏபி/2-ஐ 1.5 மீட்டரில் தொடங்கி 100 மீட்டர் வரை நீட்டுவார்கள். ஏபி/2 10 மீட்டர், எம்என் 2 மீட்டர் என்றால் அளவைப் பெருக்க வேண்டிய குணகம் 155.5; கருவி 0.8 ஓம் காட்டினால் மின்தடைத்திறன் சுமார் 124 ஓம்-மீட்டர். ஈரம் கோத்த சிதைந்த பாறை பெரும்பாலும் 20 முதல் 100 வரை நிற்கும். உடையாத சார்னோகைட் ஆயிரக்கணக்கில் ஏறும்.

கோடையில் செம்மண் காய்ந்தால் மின்னோட்டம் இறங்காது. கம்பியை இறுக அடித்து, சுற்றிலும் உப்புத்தண்ணீர் ஊற்ற வேண்டும். எம்என் தூரத்தை மாற்றும்போது அதே ஏபி/2-வில் பழையது, புதியது இரண்டுக்கும் அளவெடுங்கள். விட்டுவிட்டால், வளைகோட்டில் வரும் குதிப்பு மேல்மண்ணால் வந்ததா, கீழே அடுக்கு மாறியதால் வந்ததா என்று பிரிக்கவே முடியாது. ஒயரைக் கம்பியிலிருந்து கழற்றிவிட்டு ஒருமுறை மின்னோட்டம் செலுத்திப் பாருங்கள். சுழியம் வரவில்லை என்றால் எங்கேயோ உறை கிழிந்து ஈரப்புல்லில் கசிகிறது. ஏற்காட்டுச் சரிவில் ஒயரை மேலும் கீழுமாக இழுக்காமல் சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில் விரியுங்கள்.

இந்த வேலையில் கஷ்டமான இடம் கருவியில் இல்லை, தோட்டக்காரர் கேட்கும் கேள்வியில் இருக்கிறது: "எத்தனை அடியில தண்ணி வருங்க?" 800 அடி என்பது 244 மீட்டர். 100 மீட்டர் ஏபி/2 விரிப்பு அவ்வளவு ஆழத்தைத் தொடாது. அங்கே உள்ள கையகல வெடிப்பு வளைகோட்டில் தெரியவே தெரியாது. "இவ்வளவு ஆழந்தாங்க பாத்திருக்கோம், அதுக்குக் கீழ கருவி சொல்லாதுங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லப் பழக வேண்டும். அடிக்கணக்கை அடித்துச் சொல்லியே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் இடத்தில் சேராதீர்கள். கடன் வாங்கித்தான் பலர் போர் போடுகிறார்கள்.

காந்த சர்வேயில் அலைச்சல் அதிகம், கற்பதும் அதிகம். கஞ்சமலையின் மேக்னடைட் குவார்ட்சைட் (இரும்புத்தாதுப் பாறை) மேல், காந்தப்புலத்தை அளக்கும் புரோட்டான் மேக்னெட்டோமீட்டரைக் கொண்டுபோனால், புலம் திடீரென மாறும் இடங்களில் அது சிக்னலை இழந்து தாறுமாறான எண்ணைக் காட்டும். சென்சாரை உயர்த்திப் பிடித்து மறுபடி எடுக்க வேண்டும். சேலம் காந்த நடுக்கோட்டுக்கு (பூமியின் காந்தப்புலம் கிடைமட்டமாக இருக்கும் கோடு) பக்கம் என்பதால், கிழக்கு மேற்காக ஓடும் காந்தப் பாறைக்கு நேர்மேலே அளவில் பெரும்பாலும் பள்ளம்தான் வரும், மேடு வராது. காந்த நடுக்கோட்டிலிருந்து தொலைவான வட அட்சரேகைப் படங்களைப் பார்த்துப் படித்தவர்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான். மேக்னசைட் தேடுகிறவர்களுக்கு ஒன்று: அந்த வெள்ளைக்கல் காந்தத்துக்குப் பிடி கொடுக்காது, அதைத் தாங்கும் டியூனைட் பாறையைத்தான் கருவி காட்டும். பெல்ட் பக்கிள், செல்போன், சாவி எல்லாம் வண்டியிலேயே இருக்கட்டும். ஒரே இடத்தில் நிற்கும் அடிப்படை நிலையத்தில் இன்னொரு கருவி ஓடாவிட்டால் பகல்நேரப் புலமாற்றத்தைக் கழிக்க முடியாது.

யு.பி.எஸ்.சி. ஒருங்கிணைந்த புவியறிவியலாளர் தேர்வு எழுதுகிறவர்களுக்கு இரண்டு அனுபவமும் உதவும்.

எந்த நீர் நிறுவனத்தில் சேர்வதானாலும் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: நாம் குறித்த இடத்தில் ரிக் ஓடும்போது கூட நிற்க விடுவார்களா? ரிக் வெளியே தள்ளும் பழுப்புத்தூள் எந்த அடியில் கருஞ்சாம்பலாக மாறியது, ஈரம் எந்த அடியில் தட்டியது என்று குறித்து, அன்றிரவே வளைகோட்டுக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.