மதுரையில் ஸ்குவாஷ் ஷூ வாங்குவோர் கவனத்திற்கு: ஸ்டிக்கருக்கு அடியில் இருந்த ஆண்டு

மதுரையில் ஸ்குவாஷ் (நான்கு சுவர்களுக்குள் ராக்கெட்டால் பந்தைச் சுவரில் அடித்து ஆடும் ஆட்டம்) விளையாடும் பிள்ளைகளுக்கு ஷூ வாங்கப் போகிறவர்கள், பணத்தைக் கொடுப்பதற்கு முன் பெட்டியில் அச்சிட்டிருக்கும் தயாரிப்பு மாதத்தையும் ஆண்டையும் தாங்களே படித்துப் பார்த்துவிட வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். நகரின் நடுவே நெடுங்காலமாக வியாபாரம் செய்துவரும் ஒரு விளையாட்டுப் பொருள் கடையில், 6,999 ரூபாய் ஷூவை 4,200 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்லி என் மகளுக்கு ஒரு ஜோடியை விற்றார்கள். பார்வைக்குப் புத்தம் புதிதாக இருந்த அந்த ஷூ, போட்டு ஆடத் தொடங்கிய சில நாட்களுக்குள்ளாகவே குதிகால் பக்கம் பொடிப்பொடியாக உதிர்ந்துவிட்டது.

ஸ்குவாஷ் ஷூவுக்கு நம் ஊரில் கிராக்கி குறைவு. கிரிக்கெட், பேட்மிண்டன், ஓட்டப் பயிற்சி ஆகியவற்றுக்கான ஷூக்களே கடைகளில் நிறைந்திருக்கும். கடைக்காரர் முதலில் ஓட்டத்துக்கான ஷூவைத்தான் எடுத்துக் காட்டி, “எல்லா கோர்ட்டுக்கும் இதையே போடலாம் பாப்பா” என்றார். அது தவறு. ஸ்குவாஷ் கோர்ட்டின் நீளம் 9.75 மீட்டர், அகலம் 6.4 மீட்டர். அந்தச் சிறிய இடத்துக்குள் முன்மூலைக்குப் பாய்ந்து, ஒரு காலை நீட்டி ஊன்றி, பந்தை அடித்த கையோடு நடுவுக்குத் திரும்பிவிட வேண்டும். பாரம் முழுவதும் பாதத்தின் பக்கவாட்டில் மாறி மாறி விழும். ஓட்டத்துக்கான ஷூ நேராக முன்னோக்கிச் செல்வதற்காகச் செய்யப்பட்டது. அதன் உயரமான, மெத்தென்ற குதிகால் பக்கவாட்டில் சாய்ந்தால் கணுக்கால் மடங்கிவிடும். தேவைப்படுவது தரையோடு ஒட்டிய தாழ்வான சோல், பக்கங்களில் உறுதியான பிடிப்பு, மரத்தரையில் கறை பதிக்காத ‘கம் ரப்பர்’ எனும் நன்றாகப் பிடிக்கும் ரப்பரால் ஆன அடிப்பாகம். இத்தனையும் நல்ல பேட்மிண்டன் ஷூவிலும் உண்டு என்பதால், ஸ்குவாஷ் ஷூ கிடைக்காவிட்டால் தயங்காமல் அதை வாங்கலாம்.

என் மகள் ஓட்ட ஷூவை மறுத்த பிறகு, பரணிலிருந்து தூசி தட்டி ஒரு பெட்டியை இறக்கினார்கள். பழுப்பு நிறக் கம் சோல், சரியான அளவு, தள்ளுபடி விலை என்று எல்லாம் பொருந்தி வந்தது. சில நாட்கள் கழித்து, ஆட்டத்தின் நடுவே அவள் முன்மூலைக்குப் பாய்ந்து ஊன்றியபோது சோல் பிளந்து கால் வழுக்கி, வலது கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. தரையெங்கும் வெல்லத்தூள் போல மஞ்சள் பழுப்பில் துகள்கள் கிடந்தன. கம் ரப்பருக்கு மேலே இருந்த நடு அடுக்கை நகத்தால் அழுத்தினேன். நகம் உள்ளே இறங்கி, அந்த இடம் அப்படியே உதிர்ந்து வந்தது.

இதற்குக் காரணம் விளையாட்டு அல்ல, வயது. பல ஷூக்களின் நடு அடுக்கு பாலியூரித்தேன் என்னும் பொருளால் ஆனது. காற்றிலுள்ள ஈரப்பதம் அதன் வேதிப்பிணைப்புகளை மெல்ல மெல்ல அறுக்கும். வெப்பம் அதைத் துரிதப்படுத்தும். காலில் போடாமல் பெட்டிக்குள்ளேயே வைத்திருந்தாலும் இது நிற்காது. சில ஆண்டுகள் கழிந்தபின் வெளியே பளபளப்பாகவும் உள்ளே மக்கியும் இருக்கும் சோல், முதல் சில ஆட்டங்களின் அழுத்தத்திலேயே நொறுங்கிவிடும். தகரக்கூரை போட்ட நம் ஊர்க் கிடங்குகளின் சூட்டையும் மழைக்கால ஈரத்தையும் நினைத்தால், பழைய சரக்கை எவ்வளவு எச்சரிக்கையோடு அணுக வேண்டும் என்பது விளங்கும்.

வீட்டுக்கு வந்து பெட்டியில் ஒட்டியிருந்த தள்ளுபடி ஸ்டிக்கரை ஈரத்துணியால் துடைத்து உரித்தேன். அசல் விலையும் அதன் கீழே 2017 என்ற தயாரிப்பு ஆண்டும் தெரிந்தன. பொட்டலப் பொருட்களுக்கான 2011ஆம் ஆண்டு எடையளவு விதிகள், குறைத்த விலையைத் தனி ஸ்டிக்கரில் ஒட்ட இடம் கொடுக்கின்றன. ஆனால் அந்த ஸ்டிக்கர் அச்சிட்ட அசல் விலையை மறைக்கக் கூடாது. இங்கே விலையோடு சேர்த்து ஆண்டும் மறைக்கப்பட்டிருந்தது. அது தற்செயலாக நேர்ந்தது என்று என்னால் நம்ப முடியவில்லை, ஏனென்றால் அதே அலமாரியில் இருந்த மற்றப் பெட்டிகளிலும் ஸ்டிக்கர் அதே இடத்தில்தான் ஒட்டப்பட்டிருந்தது.

ஷூவோடு கடைக்குப் போனபோது உரிமையாளர் சொன்ன பதில்: “விளையாடுற பொருளுக்கெல்லாம் கேரண்டி கெடையாது சார். சிமெண்டுத் தரையில போட்டு ஓடியிருப்பாங்க. வெளிய குடுத்தா ஒட்டித் தருவாங்க.” ஒட்டுவதற்கு அங்கே உறுதியான பரப்பே மிச்சமில்லை, பசை பிடித்தாலும் அதற்கு அடுத்த அடுக்கு உதிரும். அடியில் டயர் ரப்பர் வைத்துத் தைத்தாலோ கோர்ட்டில் கறுப்புக் கோடு விழும் என்பதால் உள்ளேயே விட மாட்டார்கள். பில்லின் அடியில் இருந்த ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்ற வரியையும் அவர் சுட்டிக்காட்டினார். பழுதான பொருளை அந்த வரியைக் காட்டி மறுக்க முடியாது. பில்லில் கெடு எதுவும் குறிப்பிடாதபோது, 30 நாட்களுக்குள் திரும்பக் கொண்டுவரும் பழுதான பொருளை ஏற்க மறுப்பதை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. பில் தர மறுப்பதும் அதே வகைதான்.

ஆகவே வாங்கும்போது ஸ்டிக்கர் இருந்தால் உரித்துக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வெளியே வந்துவிடுங்கள். நடு அடுக்கைக் கட்டைவிரலால் அழுத்தி, ஷூவை முன்பாதத்தில் மடக்கிப் பாருங்கள். நுண்ணிய வெடிப்போ, பிசுபிசுப்போ, கம் ரப்பரில் கண்ணாடி போன்ற இறுக்கமோ தென்பட்டால் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் அந்த ஜோடி வேண்டாம்.

ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கும் ஷூவையும் அவ்வப்போது திருப்பிப் பார்க்க வேண்டும். பெருவிரலுக்கு அடியில் கோடுகள் தேய்ந்து வழுவழுப்பானாலோ, ஈரத்துணியால் துடைத்த பிறகும் ஊன்றும் கால் வழுக்கினாலோ, ஆட்டம் முடிந்ததும் முன்பில்லாத முழங்கால் வலி வந்தாலோ மாற்றிவிடுவது நல்லது. தெருவில் அதைப் போட்டு நடக்கவே கூடாது. மணல் ஏறிய கம் சோல் சீக்கிரம் பிடிப்பை இழக்கும்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்துவிட்டேன். ஸ்டிக்கர் ஒட்டிய விவகாரத்தை, எடையளவுச் சட்டத்தைக் கவனிக்கும் தொழிலாளர் துறைக்குப் படங்களோடு எழுதியிருக்கிறேன். கடைக்காரர் வேறு பொருள் எடுத்துக்கொள்ளும்படி ஆள் விட்டுச் சொன்னார். நான் பணத்தையே கேட்டிருக்கிறேன். ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டியில் இப்படி ஷூ வாங்கி ஏமாந்தவர்கள் வேறு யாராவது இருந்தால், பில்லையும் பெட்டியையும் உதிர்ந்த சோலையும் தூக்கி எறியாமல் பத்திரப்படுத்துங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. குறை நேர்ந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் பதிய வேண்டும்.