கொல்கத்தா மெட்ரோ: ஒற்றைத் தடம் வலைப்பின்னலான கதையும் இன்றைய சேவையும்

இந்தியாவில் முதன்முதலில் சுரங்க ரயில் ஓடிய நகரம் கொல்கத்தா. 1984 அக்டோபர் 24 அன்று எஸ்பிளனேடுக்கும் பவானிபூருக்கும் இடையே 3.4 கிலோமீட்டர் தொலைவில் தொடங்கிய அந்தச் சேவை, அடுத்த 35 ஆண்டுகளுக்கு மேல் வடக்கு தெற்காக நீளும் ஒரே தடமாகவே இருந்தது. 1971ஆம் ஆண்டின் திட்டம் 97.5 கிலோமீட்டருக்கு மூன்று தடங்களைக் கேட்டிருந்தும் நகரத்துக்குக் கிடைத்தது ஒன்றுதான். ஆகவே இன்றைய சேவையை மதிப்பிடுபவர் அது வளர்ந்த விதத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இதன் நிறைகளும் குறைகளும் அந்த வளர்ச்சியில்தான் வேர் கொண்டிருக்கின்றன.

இன்று நீலத் தடம் எனப்படும் அந்தப் பழைய வடக்கு தெற்குத் தடத்தின் பெரிய வசதி, அதன் ஆழம் குறைவு என்பதே. 1972 டிசம்பர் 29 அன்று இந்திரா காந்தி அடிக்கல் நாட்டிய பின், சௌரங்கி போன்ற பெரும் சாலைகளை மேலிருந்து தோண்டிப் பள்ளமாக்கி, பெட்டி போன்ற சுரங்கத்தைக் கட்டி, மீண்டும் மூடும் முறையிலேயே பெரும்பகுதி வேலை நடந்தது. பெல்காச்சியாவுக்கும் ஷியாம்பஜாருக்கும் இடையில் மட்டும், மேலே ரயில்வே யார்டும் கால்வாயும் குறுக்கிட்டதால், மண்ணைக் குடைந்து செல்ல வேண்டியிருந்தது. டம்டம் முதல் டாலிகஞ்ச் வரையிலான 16 கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதலான தடம் முழுமை பெற 1995 ஆனது. அத்தனை ஆண்டுகள் தெருவைப் புழுதிக்காடாக்கிய அந்த முறையின் பலனைத்தான் இன்றைய பயணி அனுபவிக்கிறார்: காளிகாட்டிலோ பார்க் ஸ்ட்ரீட்டிலோ சாலையிலிருந்து சில படிகள் இறங்கினாலே நடைமேடை வந்துவிடுகிறது. ரவீந்திர சதன் நிலையத்தில் தாகூரின் ஓவியங்களும் கவிதை வரிகளும் சுவர்களை அழகுபடுத்துகின்றன. ரயிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் அவற்றைப் பார்த்துக்கொண்டே நிற்பது எனக்கு மிகவும் பிடித்த ஒன்று.

அதன் பிறகு தெற்கே கவி சுபாஷ் வரையிலும், 2021இல் வடக்கே தக்ஷிணேஸ்வர் வரையிலும் உயர்த்தப்பட்ட பாதையாகத் தடம் நீண்டது. நீண்டதே தவிர, கிளைக்கவில்லை.

உண்மையான மாற்றத்தைக் கொண்டுவந்தது கிழக்கு மேற்கான பச்சைத் தடம். 2020 பிப்ரவரியில் சால்ட் லேக் பகுதியில் சிறிய அளவில் தொடங்கி, 2022இல் சியால்தாவை எட்டிய இத்தடம், 2024 மார்ச்சில் ஹௌரா மைதானுக்கும் எஸ்பிளனேடுக்கும் இடையே ஹூக்ளி ஆற்றின் அடியில் ஓடத் தொடங்கியது. ஆற்றுக்குக் கீழுள்ள சுமார் 520 மீட்டரை ரயில் முக்கால் நிமிடத்தில் கடந்துவிடுகிறது. அந்தப் பகுதியில் மட்டும் சுரங்கச் சுவரில் நீல விளக்குகள் ஒளிர்வதால், பெட்டியில் இருப்பவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கண்ணாடிப் பக்கம் திரும்புகிறார்கள். ஹௌரா நிலையம் தரைக்குக் கீழே 30 மீட்டருக்கும் மேல் ஆழத்தில் இருப்பதால், நகரும் படிக்கட்டுகளில் அடுக்கடுக்காக இறங்க வேண்டும். பெட்டி படுக்கையுடன் வருபவர்கள் இதற்கென்று சில நிமிடங்களை ஒதுக்கிக்கொள்வது நல்லது.

எஸ்பிளனேடுக்கும் சியால்தாவுக்கும் இடையிலான சிறு இடைவெளிதான் அதிகம் சோதித்தது. 2019 ஆகஸ்ட் இறுதியில், அந்த வழியிலுள்ள பவுபஜார் பகுதியில் குடைந்து சென்ற இயந்திரம் நிலத்தடி நீர்ப்படுகையில் மோத, மேலே இருந்த பழைய வீடுகள் விரிசல் விட்டுச் சரிந்தன. நூற்றுக்கணக்கானோர் வீடிழந்து வெளியேறினர். 2022இலும் அங்கே மீண்டும் விரிசல்கள் தோன்றின. இறுதியில் 2025 ஆகஸ்ட் 22 அன்று இணைப்பு நிறைவேறியது. ஹௌரா, சியால்தா என்ற இரு பெரும் ரயில் நிலையங்களும் சுமார் 11 நிமிடத் தொலைவுக்கு வந்துவிட்டன. சாலை வழியே அந்தத் தூரத்தைக் கடந்தவர்களுக்கு இதன் அருமையைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. அதே நாளில் நீலத் தடத்தின் நவபாரா நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்குச் செல்லும் தடமும் திறந்துவைக்கப்பட்டது. ஆனாலும் இந்தச் சாதனையைப் பாராட்டும்போது பவுபஜார் குடும்பங்கள் கொடுத்த விலையை மறந்துவிடக் கூடாது.

குறைகளும் சிறியவை அல்ல. நீலத் தடம் 1,676 மில்லிமீட்டர் அகலப் பாதை. பச்சைத் தடமோ 1,435 மில்லிமீட்டர். ஒன்றின் ரயில் மற்றொன்றில் ஓட முடியாது என்பதால் தடம் மாறுவது முழுவதும் பயணிகளின் கால்களையே நம்பியிருக்கிறது. இரு தடங்களும் சந்திக்கும் எஸ்பிளனேடின் சுமையும் அதனால் கூடுகிறது. பச்சைத் தடத்தின் நடைமேடைகளில் தடுப்புக் கதவுகள் உள்ளன. மிகுதியான கூட்டம் ஏறி இறங்கும் பழைய நிலையங்கள் அவை இல்லாமலேயே கட்டப்பட்டவை. 2025 ஜூலையில் தூண்களில் விரிசல் கண்டு கவி சுபாஷ் நிலையம் மூடப்பட்டபோது, ரயில்கள் அதற்கு முந்தைய நிலையமான ஷஹீத் குதிராமிலேயே பயணிகளை இறக்கிவிட்டு, திரும்புவதற்காக வெறுமையாக முன்னே சென்று வர வேண்டியதாயிற்று. அந்தத் தாமதம் தடம் முழுவதும் பரவியது.

கட்டண விஷயத்தில் இச்சேவைக்கு முழு மதிப்பெண் தருவேன். குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். ஹௌரா மைதானிலிருந்து ஆற்றைக் கடந்து எஸ்பிளனேடு வருவதற்கு 10 ரூபாய்தான். வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்களும் கல்லூரி மாணவர்களும் அலுவலர்களும் ஒரே பெட்டியில் நிற்க முடிவது இதனால்தான். கொல்கத்தாவுக்குப் புதிதாக வருபவர்கள் ஹௌராவில் டாக்சிக்குப் பேரம் பேசாமல், காலை அலுவலக நேரம் கழிந்ததும் பச்சைத் தடத்தில் எஸ்பிளனேடு வந்து, அங்கே நீலத் தடத்துக்கு மாறித் தெற்கே காளிகாட் வரையோ வடக்கே தக்ஷிணேஸ்வர் வரையோ செல்லலாம்.